கறுப்புப் பட்டையும் கலர்க் கயிறும்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் குடிமையியல் இந்திய அரசியலமைப்பில் தொடங்குகிறது. நீதிப்பேராணைகள் ஐந்து. ஆட்கொணர்வு, கட்டளையுறுத்தும், தடையுறுத்தும், ஆவணக் கேட்பு, தகுதி முறை வினவும் என்று வரிசை பிசகாமல் எழுதிவிட்டால் மதிப்பெண் உறுதி. பொதுத்தேர்வு முடிந்த மறுவாரம் இவற்றில் எத்தனை நினைவில் நிற்கும் என்பது வேறு கதை. நீதிப்பேராணை தனக்கே ஒருநாள் தேவைப்படலாம் என்ற எண்ணம் படிக்கிற பிள்ளைக்கு வருவதில்லை. கேள்வித்தாளில் வரும் ஒரு சொல், அவ்வளவுதான்.

1985-ல் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தைச் சேர்ந்த கிடங்ஙூரில் பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவருக்கு அது உண்மையிலேயே தேவைப்பட்டது. பிஜோ இம்மானுவேலும், ஒன்பதாம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் படித்த அவருடைய இரண்டு தங்கைகளும் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர்கள். காலை வழிபாட்டில் தேசிய கீதம் தொடங்கினால் எழுந்து மரியாதையாக நிற்பார்கள். பாட மாட்டார்கள். கடவுளைத் தவிர வேறு எதையும் துதித்துப் பாடுவது அவர்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது. ஆண்டுக்கணக்கில் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அந்த ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் அது பட்டது. விஷயம் சட்டமன்றத்துக்குப் போனது. விசாரணைக் குழு போடப்பட்டது. பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்று அந்தக் குழுவே சொல்லிவிட்டது. அப்படியும் மேலதிகாரியின் அறிவுறுத்தல்படி ஜூலை 26 அன்று தலைமையாசிரியை மூன்று பேரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்.

கேரள உயர் நீதிமன்றம் இரண்டு கட்டங்களிலும் மனுவைத் தள்ளுபடி செய்தது. தேசிய கீதத்தின் வரிகளில் எந்த மதத்தினரையும் புண்படுத்தும் சொல் இல்லையே, பிறகென்ன என்பது அதன் வாதம். 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஓ.சின்னப்ப ரெட்டியும் எம்.எம்.தத்தும் அந்தக் கேள்வியே தவறு என்றார்கள். நம்பிக்கை நமக்கு நியாயமாகப் படுகிறதா என்று பார்ப்பது நீதிபதியின் வேலை இல்லை. அது மனதார வைத்திருக்கும் நம்பிக்கையா என்பதே கேள்வி. தேசிய கீதத்தைப் பாடியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 1971-ம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடைச் சட்டம், பாடுவதைத் தடுப்பவரையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பவரையும்தான் தண்டிக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: கல்வித் துறையின் சுற்றறிக்கை சட்டம் ஆகாது, பேச்சுரிமையை வெறும் சுற்றறிக்கையால் கட்டுப்படுத்த முடியாது. இந்தக் கடைசிக் கருத்து பிற்பாடு மறுபடி தேவைப்படும்.

வழக்கில் பிள்ளைகள் ஜெயித்தார்கள். தீர்ப்புக்குப் பிறகு அடையாளமாக ஒருநாள் பள்ளிக்குப் போய் வந்ததாகவும், அதோடு படிப்பைத் தொடரவில்லை என்றும் பின்னாளில் பிஜோ பத்திரிகைகளிடம் சொன்னார். சட்ட மாணவர்கள் இன்றும் இந்த வழக்கின் பெயரைச் சொல்லித் தேர்வு எழுதுகிறார்கள். அந்தத் தீர்ப்பைப் பெற்றுத்தந்தவருக்குப் பள்ளி கிடைக்கவில்லை.

சின்னப்ப ரெட்டி தன் தீர்ப்பில் அமெரிக்காவின் இரண்டு பழைய வழக்குகளை எடுத்துப் பேசுகிறார். இரண்டும் அதே சபையைச் சேர்ந்த பிள்ளைகள், கொடி வணக்கம் பற்றியவை. பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் ஊரில் 1935-ல் லில்லியன், வில்லியம் என்ற அக்காவும் தம்பியும் கொடிக்குக் கை உயர்த்த மறுத்தார்கள். அக்காவுக்கு 12 வயது, தம்பிக்கு 10. பள்ளி வெளியே அனுப்பியது. 1940-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் நின்றது. தேச ஒற்றுமை முக்கியம், அதை எப்படி வளர்ப்பது என்பதைப் பள்ளி நிர்வாகமே முடிவு செய்யட்டும் என்று எழுதினார் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர். தீர்ப்பைத் தொடர்ந்து பல ஊர்களில் அந்தச் சபையினர் தாக்கப்பட்டார்கள்.

மூன்றே ஆண்டுகளில் நீதிமன்றம் தன்னைத் திருத்திக்கொண்டது. 1943 ஜூன் 14 அமெரிக்காவில் கொடி நாள். அன்றைக்குத்தான் மேற்கு வர்ஜீனியாவின் பார்னெட் வழக்கில் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பு வந்தது. உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். தீர்ப்பை எழுதிய ராபர்ட் ஜாக்சன், பிள்ளைகளைக் குடிமக்களாக வளர்க்கும் வேலை பள்ளியிடம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறார். ஆனால் அதையே எதிர்த்திசைக்குத் திருப்புகிறார். அந்த வேலை கையில் இருப்பதால்தான் பள்ளி மற்ற எந்த அலுவலகத்தையும்விடக் கவனமாகப் பிள்ளைகளின் சுதந்திரத்தைக் காக்க வேண்டும். இல்லாவிட்டால் அரசின் பெரிய கொள்கைகளெல்லாம் வாய்ப்பேச்சு என்றுதான் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். குடிமைக் கல்வி பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் இதைவிடக் கூர்மையானது அதிகம் இல்லை. அது பாடத்திட்டக் குழு எழுதியதல்ல, வழக்கின் தீர்ப்பு. (இந்த இரண்டு குடும்பங்களின் பெயரையும் நீதிமன்ற ஆவணங்கள் எழுத்துப் பிழையோடுதான் பதிந்தன. மைனர்ஸ்வில்லின் கொபைட்டஸ் குடும்பம் கொபைட்டிஸ் ஆனது. பார்னெட் குடும்பத்தின் பெயர்க் கடைசியில் ஓர் எழுத்து கூடிப்போனது. வரலாற்றில் பிழையோடுதான் நிற்கிறார்கள்.)

ஜாக்சன் சொன்னதைப் பள்ளிகள் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் டெ மாயின் நகரில் சில மாணவர்கள் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்குத் துக்கம் காட்டவும், கிறிஸ்துமஸ் போர்நிறுத்தத்தை ஆதரிக்கவும் கையில் கறுப்புப் பட்டை கட்டிவரத் திட்டமிட்டார்கள். பட்டையின் அகலம் இரண்டு அங்குலம். செய்தி முன்கூட்டியே கசிய, தலைமையாசிரியர்கள் கூடிப் பட்டைக்கு மட்டும் தடை போட்டார்கள். அதே பள்ளிகளில் தேர்தல் சின்னம் பொறித்த பொத்தான்களை மாணவர்கள் குத்திக்கொண்டு வந்தார்கள். நாஜிகளை நினைவூட்டும் இரும்புச் சிலுவைகூட அணிந்து வந்திருக்கிறார்கள். அவற்றை யாரும் தடுக்கவில்லை. மேரி பெத் டிங்கருக்கு அப்போது 13 வயது. அலுவலக அறைக்குக் கூப்பிட்டுப் பட்டையைக் கழற்றச் சொன்னதும் கழற்றிக் கொடுத்துவிட்டார். அப்படியும் இடைநீக்கம் செய்தார்கள். வீட்டின் மேல் சிவப்புச் சாயம் வீசப்பட்டது, வெடிகுண்டு மிரட்டல் வந்தது. புத்தாண்டுக்குப் பிறகு பட்டை இல்லாமல் பள்ளிக்குத் திரும்பியவர்கள் அந்தக் கல்வியாண்டு முழுக்கக் கறுப்பு உடை அணிந்துவந்தார்கள். உடைக்கு எதிராக விதி எதுவும் இருக்கவில்லை.

1969 பிப்ரவரி 24 அன்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக வந்தது. பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றுவது போல உரிமையைக் கழற்றி வைத்துவிட்டு யாரும் உள்ளே போவதில்லை என்பதே நீதிபதி ஏப் ஃபோர்ட்டஸ் எழுதியதன் சாரம். அவர் ஓர் எல்லையும் வகுத்தார். மாணவரின் செயல் வகுப்பு நடப்பதையே கணிசமாகக் குலைத்தாலோ, மற்ற மாணவர்களின் உரிமையில் கைவைத்தாலோ பள்ளி தலையிடலாம். சலசலப்பு வருமோ என்ற அச்சம் மட்டும் போதாது. மேரி பெத் பின்னாளில் செவிலியரானார். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லிவருகிறார்.

அதற்குப் பிறகு அமெரிக்க நீதிமன்றங்கள் ஏறியும் இறங்கியும் வந்திருக்கின்றன. 1988-ல் ஹேசல்வுட் வழக்கில், பதின்வயதுக் கர்ப்பமும் பெற்றோர் மணமுறிவும் பற்றிய கட்டுரைகள் இருந்த பக்கங்களை மாணவர் பத்திரிகையிலிருந்து தலைமையாசிரியர் எடுத்துவிட்டது சரிதான் என்றது உச்ச நீதிமன்றம். 2021-ல் அணியில் இடம் கிடைக்காத ஆத்திரத்தில் ஸ்னாப்சாட்டில் பள்ளியை ஆபாசமாகத் திட்டிய 14 வயது மாணவியின் வழக்கில் எட்டுக்கு ஒன்று என்று மாணவியின் பக்கம் நின்றது. அரசுப் பள்ளிகள் குடியாட்சியின் நாற்றங்கால் என்ற பொருளில் நீதிபதி பிரேயர் அதில் எழுதினார். அந்த மாணவியின் ஊரான மஹனாய், 1935-ன் மைனர்ஸ்வில் இருக்கும் அதே ஸ்கூல்கில் வட்டாரத்தில்தான் இருக்கிறது.

இந்தியாவுக்குத் திரும்பினால் நிலைமை சிக்கலாகிறது. கர்நாடகத்தின் பீதரில் 2020 ஜனவரி 21 அன்று ஒரு பள்ளியில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றிப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். நடித்தவர்கள் நான்கு, ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். காணொளி சமூக ஊடகத்தில் பரவியது. தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. ஜனவரி 30 அன்று தலைமை ஆசிரியையும் நடித்த ஒரு பிள்ளையின் தாயும் கைதானார்கள். ஜாமீன் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. போலீசார் திரும்பத் திரும்பப் பள்ளிக்கு வந்து பிள்ளைகளை விசாரித்தார்கள். சீருடையும் துப்பாக்கியுமாக வந்து சிறார்களிடம் விசாரித்தது சிறார் நீதிச் சட்டத்துக்கு விரோதம் என்று 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் கண்டித்தது. 2023 ஜூனில் வழக்கையே ரத்து செய்தது.

அந்த ரத்துத் தீர்ப்பை முழுவதும் படிப்பவருக்கு மகிழ்ச்சி பாதியில் நின்றுவிடும். தேசத்துரோகம் இல்லை என்று சொன்ன அதே நீதிமன்றம், நடப்பு அரசியலைப் பள்ளி நாடகத்துக்குள் கொண்டுவருவது இளம் மனதைக் கெடுக்கும், அரசின் கொள்கைகளை விமர்சிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரக் கூடாது என்றும் அறிவுரை கூறியது. ஜாக்சனின் வாதத்துக்கு நேர் எதிர்நிலை இது. விமர்சிக்கக் கற்காத பிள்ளை 18 வயது முடிந்த காலையில் எப்படித் திடீரென்று வாக்காளராவது? 1989-ல் வாக்குரிமை வயதை 21-லிருந்து 18-ஆகக் குறைத்த நாடு இந்தியா. அந்த மாற்றத்தால் வாக்குச்சாவடிக்கும் பள்ளிக்கும் இடையில் இருந்த மூன்றாண்டு இடைவெளி இல்லாமல் போனது. பள்ளிகள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

பாடநூல் எழுதியவர்கள் முயலவில்லை என்றும் சொல்ல முடியாது. 2005-ம் ஆண்டு தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, குடிமையியல் என்ற பழைய பாடம் காலனியக் காலத்தில் விசுவாசமான பிரஜைகளை உருவாக்கப் பிறந்தது என்று வெளிப்படையாகச் சொல்லி, அதன் இடத்தில் விவாதத்தைத் தூண்டும் அரசியல் பாடங்களைக் கொண்டுவந்தது. யோகேந்திர யாதவும் சுஹாஸ் பல்ஷிகரும் வழிநடத்திய என்சிஇஆர்டி நூல்களில் கேலிச்சித்திரங்கள் நிறைய இடம்பெற்றன. 2012 மே மாதம் அவற்றில் ஒன்று, அரசியலமைப்பு உருவாக்கத்தின் வேகம் பற்றி சங்கர் 1949-ல் வரைந்தது, அம்பேத்கரை இழிவுபடுத்துவதாக நாடாளுமன்றத்தில் வெடித்தது. தொல்.திருமாவளவன் அதை அவையில் எழுப்பினார். ஆலோசகர்கள் இருவரும் பதவி விலகினார்கள். அடுத்த மாதம் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிய ஆர்.கே.லக்ஷ்மண் சித்திரத்துக்குத் தமிழ்நாட்டுத் தலைவர்கள் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

இரண்டு எதிர்ப்புகளிலும் நியாயம் இருந்தது. சங்கர் சித்திரத்தில் இருந்த சாட்டை, நத்தை, அம்பேத்கர் என்ற சேர்க்கை ஒரு தலித் மாணவருக்கு எப்படிப் படும் என்று நூலாசிரியர்கள் யோசித்திருக்க வேண்டும். 1965-ல் வீதிக்கு வந்த மாணவர்களைப் படிப்பு வராதவர்களாகக் காட்டும் சித்திரம் தமிழ் மாணவரைக் குத்தும். ஆனால் இந்த இரண்டு வாதங்களையும் எழுப்பச் சரியான இடமே அந்தப் பாடம் நடக்கும் வகுப்பறைதான். ‘இது எனக்கு வலிக்கிறது, ஏன் என்றால்…’ என்று ஒரு பதினாறு வயது மாணவி எழுந்து சொல்வதைவிடச் சிறந்த குடிமையியல் பாடம் கிடைக்காது. சித்திரங்களை நீக்கியதில் அந்த வகுப்பும் சேர்ந்து போய்விட்டது.

தமிழ்நாட்டில் வேறு மாதிரியான ஒரு முயற்சியும் நடந்தது. மதுரையில் இயங்கும் மக்கள் கண்காணிப்பகம், ஹென்றி திபேன் தலைமையில் 1997-ல் பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியைத் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, பள்ளியிலேயே உள்ள ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்து நடத்தும் பாடம் அது. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் அரசு, உதவிபெறும் பள்ளிகள்தான் களம். பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவியது. கல்வியாளர் மோனிஷா பஜாஜ் இதை நெடுங்காலம் ஆராய்ந்து தனி நூலே எழுதினார்.

அவர் கண்டதில் கவனிக்க வேண்டியது வெற்றிக் கதைகள் மட்டும் அல்ல. குழந்தைத் திருமணத்தையும் பெண் சிசுக்கொலையையும் தடுக்க முயன்ற பிள்ளைகள் உண்டு. அடிப்பது தவறு என்று ஆசிரியரிடமே சொன்னவர்கள் உண்டு. பிரம்பைக் கைவிட்ட ஆசிரியர்களும் உண்டு. ஆனால் பாடம் படித்த தைரியத்தில் தனியாகப் போய்த் தட்டிக்கேட்ட பிள்ளை திட்டும் அடியும் வாங்கி வந்த சம்பவங்களும் இருந்தன. ஆசிரியரோ ஊர்ப் பெரியவரோ கூட நின்ற இடங்களில்தான் காரியம் நடந்தது. உரிமையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிற ஆசிரியர், பிள்ளையை ஆபத்தில் தள்ளுகிறார் என்றே இதற்குப் பொருள்.

இதன் கொடிய உதாரணம் நாங்குநேரி. 2023 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர், தன்னைத் தொடர்ந்து துன்புறுத்திய சக மாணவர்கள் பற்றிய புகார் பள்ளிக்குப் போன பிறகு, வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். ஒரு குடிமகன் செய்ய வேண்டியதை அந்தக் குடும்பம் சரியாகச் செய்தது. புகாரை வாங்கிக்கொண்ட அமைப்பிடம் புகார் சொன்னவரைக் காக்கும் ஏற்பாடு இல்லை.

இதையடுத்து அரசு அமைத்த நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதிப் பின்னொட்டை நீக்குவது, சமூக நீதி மாணவர் படை எனப் பல பரிந்துரைகள் இருந்தாலும், கூச்சல் எழுந்தது கயிற்றுக்காகத்தான். தென்மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டும் கலர்க் கயிறு சாதியைச் சொல்லும். எந்த நிறம் எந்தச் சாதி என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். 2019-லேயே பள்ளிக் கல்வித் துறை இதைத் தடுக்கச் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் சொல்லிவிட்டார். சந்துரு குழுவும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றுக்குத் தடை கேட்டது. மத நம்பிக்கையில் தலையிடுவதாகக் குற்றச்சாட்டு வந்தது.

டெ மாயினில் கறுப்புப் பட்டைக்கு உரிமை உண்டு என்றால் தென்மாவட்டத்தில் கயிற்றுக்கு ஏன் இல்லை என்று ஒரு மாணவர் கேட்டால், ஆசிரியரிடம் பதில் இருக்க வேண்டும். பதில் இருக்கிறது. பட்டை அரசைப் பார்த்துப் பேசியது. பக்கத்து பெஞ்சில் இருப்பவரை அது எதுவும் செய்யவில்லை. சாதிக் கயிறு பக்கத்து பெஞ்சைப் பார்த்துத்தான் பேசுகிறது. மற்ற மாணவரின் உரிமையில் கைவைக்கும் செயலைப் பள்ளி தடுக்கலாம் என்று டிங்கர் தீர்ப்பே சொல்கிறது. ஆனால் அதோடு முடிவதில்லை. கோயிலில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு? தாயத்து? அங்கே கிடங்ஙூர் வழக்கு குறுக்கே வருகிறது: நம்பிக்கை உண்மையானதா என்று பார், சுற்றறிக்கையை நம்பி உரிமையைப் பறிக்காதே. 2022-ல் வகுப்பறையில் ஹிஜாப் தடை பற்றிய வழக்கில் மாணவிகளுக்கு ஆதரவாக எழுதிய உச்ச நீதிமன்ற நீதிபதி சுதான்ஷு துலியாவும் கிடங்ஙூர் வழக்கைத்தான் ஆதாரமாகக் கொண்டார். உடன் அமர்ந்த நீதிபதி ஹேமந்த் குப்தா மாறுபட்டார். நீண்டகாலத் தீர்வாகத் தனிச் சட்டமே இயற்ற வேண்டும் என்று சந்துரு குழு கேட்டதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால் அதன் காரணம் புரியும்.

இந்தக் கேள்வி பதினைந்து வயதுக்குக் கடினமானது என்று நினைப்பவர்கள் அந்த வயதுக்காரர்களோடு பேசிப் பார்க்கவில்லை. கயிறு கட்டுவதா, கழற்றுவதா என்பதைத் தினமும் காலையில் முடிவு செய்பவர்கள் அவர்கள்தான். பட்டை, பாடாத வாய், கயிறு மூன்றையும் ஒன்பதாம் வகுப்பில் வைத்து இரண்டு பாடவேளை விவாதிக்கவிட்டால், உரிமைக்கு எல்லை எங்கே என்பது அட்டவணை இல்லாமலேயே பிடிபடும். இதற்கு முன்னோடிகளும் உண்டு. கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் 2022-ல் தொடங்கிய அரசியலமைப்பு எழுத்தறிவு இயக்கம் பத்து வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் கற்போராகக் கொண்டது. ‘செனட்டர்’ என்று அழைக்கப்பட்ட பயிற்றுநர்கள் வீடு வீடாகவும் பள்ளி பள்ளியாகவும் போனார்கள். கர்நாடகத்தின் குழந்தைகள் கிராம சபை இன்னொரு படி மேலே. கழிப்பறை இல்லை, பேருந்து நிற்பதில்லை என்று பிள்ளைகள் சொல்லும் குறைகளுக்கு ஊராட்சி நிர்வாகிகள் நேரில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இப்போது ‘மாணவர் மனசு’ என்ற பெயரில் புகார்ப் பெட்டி இருக்கிறது. 14417, 1098 என்ற உதவி எண்களும் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன. பெட்டியைத் திறப்பது பள்ளி அளவிலான மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவின் பொறுப்பு. அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், பெட்டியைக் கடைசியாக எப்போது திறந்தார்கள், புகார் எழுதியவரின் கையெழுத்தை அடையாளம் காணக்கூடியவர் யாராவது அந்த அறையில் இருந்தாரா என்று கேட்க ஒரு மாணவருக்கு உரிமை உண்டு. இதுவரை எந்தப் பொதுத்தேர்வுக் கேள்வித்தாளிலும் இடம்பெறாத வினாக்கள் இவை.